மூச்சைப் பிடிக்கும் விசை

மூச்சைப் பிடிக்க வேண்டிய விசை, அழுத்தும்போதெல்லாம் சத்தத்தை அணைத்துக்கொண்டிருந்தது.

அந்தக் கணினி விளையாட்டில் அவள் ஒரு பெண்ணாக, கையில் சிம்னி விளக்கோடு, முழங்கால் அளவு தண்ணீர் புகுந்த பழைய வீடொன்றுக்குள் அறை அறையாக நடக்க வேண்டும். அந்த வீட்டில் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. அதற்குக் கண் கிடையாது, காது உண்டு. அது பக்கத்தில் வரும்போது எஃப்1 விசையை ஒரு தடவை அழுத்தினால் விளக்கு ஏந்திய பெண் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். இன்னொரு தடவை அழுத்தினால் விட்டுவிடுவாள். இடைப்பட்ட நேரத்தில், தண்ணீரில் அதன் காலடி விலகிப் போகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டும். ஆனால் அவளுடைய மடிக்கணினியில் அதே எஃப்1 தான் ஒலியை அணைக்கும் விசையும். அழுத்தியதும், குறுக்கே கோடு போட்ட ஒலிபெருக்கிப் படம் ஒன்று திரையின் மூலையில் வந்து உட்காரும். காலடி கேட்காது. அது போய்விட்டதா, முகத்துக்கு நேரே நிற்கிறதா என்று தெரியாமல் மூச்சை விடுவாள். ஒவ்வொரு தடவையும் முகத்துக்கு நேரேதான் நின்றது.

செத்துப்போவதில் அவளுக்கு வருத்தமில்லை. மறுபடி முதல் அறையிலிருந்து நடப்பதுதான் அலுப்பாக இருந்தது.

காலையிலிருந்து மாலை வரை காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முகம் தெரியாதவர்களின் புகார்களைக் கேட்பது அவள் வேலை. வீட்டுக்கு வந்தால், பகலில் பார்த்துக்கொள்ள வரும் பெண் செருப்பை மாட்டிக்கொண்டு தயாராக நிற்பாள். அவள் போனதும் உள்ளறையிலிருந்து மாமியாரின் குரல் ஆரம்பிக்கும். பக்கவாதம் வலது பக்கம் முழுவதையும் எடுத்துக்கொண்டு குரலை மட்டும் அப்படியே விட்டுவைத்திருந்தது. ஏம்மா, தண்ணி. ஏம்மா, ஃபேன் அதிகமா ஓடுது. ஏம்மா, வாசல்ல யாரு. சில நேரம் ஒன்றுமே இல்லாமல் வெறும் ஏம்மா. மகன், அவள் கணவன், கப்பலில் வேலையாக இருந்தான். வாரம் ஒருமுறை திரையில் முகம் காட்டி, “அம்மாவை நல்லா பாத்துக்கறே, உனக்குக் கோயில் கட்டணும்” என்பான். அந்த வாக்கியம் முடிவதற்குள் இணைப்பு அறுந்து, அலை அவனை எடுத்துப் போய்விடும்.

படுக்கையில் கிடப்பவரை அவ்வப்போது புரட்டிப் போட வேண்டும். இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். இரவுச் சாப்பாட்டுக்கும் முதல் புரட்டலுக்கும் முன்னால், வெளிச்சம் மங்கும் அந்தச் சிறு இடைவெளியில்தான் அவள் கூடத்துச் சோபாவில் காலை நீட்டி இதை விளையாடுவாள். இந்த வயதில் பெண்கள் செய்கிற காரியமா என்று அவளுக்கே சிரிப்பு வரும். ஆனால் அந்த விளையாட்டில் யாரும் பேச மாட்டார்கள்.

கடைசியில் தம்பியைக் கூப்பிட்டாள். அவன் வேறு ஊரில் கணினி பழுதுபார்க்கிறவன்.

“அக்கா, மேல் வரிசைல இருக்கற கீ எல்லாத்துக்கும் ரெண்டு முதலாளி. கேமும் கூப்பிடுது, மெஷினும் கூப்பிடுது. மெஷின் முந்திக்குது. உன் மாமியார் மாதிரின்னு வெச்சுக்க.”

“வாயைக் கழுவு. பக்கத்து ரூம்லதான் இருக்காங்க.”

“சரி சரி. எஃப்என்னு ஒரு கீ இருக்கா? அதை அழுத்திக்கிட்டே எஸ்கேப்பைத் தட்டு. எஸ்கேப் மேல குட்டியா ஒரு வெள்ளை லைட் எரியும். எரிஞ்சா பூட்டு விழுந்துச்சுன்னு அர்த்தம், அப்புறம் மெஷின் குறுக்க வராது. எல்லாம் கேமுக்கே.”

அவள் தட்டினாள். வெள்ளைப் புள்ளி எரிந்தது.

“அப்போ சத்தத்தை அணைக்கற வேலை எங்கடா போகும்?”

“எங்கயும் போகாதுக்கா. அந்த வேலையை யாரும் செய்ய மாட்டாங்க, அவ்வளவுதான்.”

“ஒரு வேலையை ஒருத்தர் விட்டா அது சும்மா நின்னு நான் பாத்ததில்ல. இன்னொருத்தர் தலைல விழும்.”

“உன் தலைலதான் விழும்னு சொல்ல வர்றே. புரியுது, புரியுது. அத்தான் வந்ததும் ஒரு மாசம் நம்ம வீட்டுக்கு வந்து படுத்துத் தூங்கு,” என்று சிரித்துவிட்டு வைத்தான்.

அன்று மாலை விளக்கு ஏந்திய பெண் சமையலறையைத் தாண்டி, அதுவரை அவள் பார்த்திராத, இரு பக்கமும் கதவுகள் உள்ள ஒரு நீண்ட நடைக்கு வந்துவிட்டாள். உள்ளறையில் தொலைக்காட்சி யாரையோ வாழ்த்திக்கொண்டிருந்தது, சமையலறைக் குழாய் வழக்கம்போல் பாத்திரத்தின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது, கீழே தெருவில் ஒரு வண்டி கிளம்பாமல் இருமிக்கொண்டிருந்தது, இத்தனைக்கும் மேலே மாமியாரின் குரல், “ஏம்மா, அந்த ஜன்னலைக் கொஞ்சம்” என்று தொடங்கியது. விளையாட்டில் தண்ணீர் சலசலத்தது. எஃப்1 விசையை அழுத்தினாள்.

குழாய் நின்றது. வண்டி நின்றது. தொலைக்காட்சி நின்றது. “கொஞ்சம்” என்ற சொல் பாதியில் நின்றது.

மின்சாரம் போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் தலைக்கு மேல் மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது. அது கிளப்பும் காற்று முகத்தில் பட்டது. அதன் கடகட சத்தம் மட்டும் இல்லை. திரையில் காலடி விலகிப் போனது. சளப், சளப், சளப். மறுபடி அழுத்தினாள்.

“தெற, சொல்லிட்டே இருக்கேன், காது கேக்கலையா உனக்கு?” என்றது உள்ளறை.

அவள் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தாள். திரும்பி வந்து சோதித்துப் பார்த்தாள். அழுத்தினால் வீடு முழுவதும் வாய் மூடிக்கொண்டது. மறுபடி அழுத்தினால் எல்லாவற்றுக்கும் குரல் திரும்பியது. பயந்திருக்க வேண்டும். பயமும் வந்தது, ஆனால் பயத்துக்கு முன்னால் இன்னொன்று வந்துவிட்டது. எத்தனையோ காலமாகக் காதுக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று அவிழ்ந்து, கழுத்து வழியாகத் தோளுக்கு இறங்கி, விரல் நுனி வரைக்கும் வெதுவெதுப்பாகப் பரவியது. அவள் அழுதாள். அழுத சத்தம் அவளுக்கே கேட்கவில்லை. அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு தினமும் மாலை கொஞ்ச நேரம். அலுவலகத்தில் எந்தக் குரலாவது எல்லை மீறிக் கத்தும்போது, வீட்டுக்குப் போனதும் கிடைக்கப்போகிற அந்த அமைதியை, பசித்தவள் சோற்றை நினைப்பதுபோல நினைத்துக்கொள்வாள். கொஞ்ச நேரம் என்பது நீண்டது. விளையாட்டைக்கூட விளையாடவில்லை. விளக்கு ஏந்திய பெண்ணை ஒரு மூலையில் மூச்சைப் பிடித்தபடி நிற்க வைத்துவிட்டு, சோபாவில் கண்ணை மூடிக் கிடந்தாள்.

“கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கிழிஞ்சுபோச்சு,” என்றாள் மாமியார் ஒரு நாள். குரல் கரகரத்தது.

“கண்ணசந்துட்டேன் அத்தை.”

“தூங்கலை நீ. உன் காலு ஆடிட்டிருந்தது, கதவு வழியாப் பாத்தேன்.”

அவள் கட்டிலின் மேல் குனிந்தாள். தலையணை உறையை இழுத்துச் சரிசெய்தாள். அது ஈரமாக இருந்தது. வியர்வை என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை, பகல்நேரப் பெண் போர்வையை விலக்கியபடியே, “பரவாயில்லக்கா, நேத்து அழகாப் புரட்டிப் போட்டிருக்கீங்களே. முட்டிக்கு நடுவுல துணி வெச்சு, முதுகுக்கு முட்டுக் குடுத்து. இதை நான் எத்தனை தடவை சொல்லிக் குடுத்திருப்பேன், இப்பத்தான் கை வந்திருக்கு,” என்றாள்.

நேற்று அவள் புரட்டவே இல்லை. சோபாவிலேயே தூங்கிப்போயிருந்தாள்.

“ம்,” என்றாள்.

“தரைதான் ஈரமா இருக்கு. தண்ணி கொட்டினா உடனே தொடைச்சிருங்கக்கா, நீங்களும் விழுந்து வெச்சீங்கன்னா ரெண்டு பேரை என்னால தூக்க முடியாது.”

அலுவலகம் போகும் வழியெல்லாம் அந்த ‘ம்’ அவளுக்குள் கிடந்து உறுத்தியது. செய்யாத வேலைக்குப் பாராட்டு வாங்கியது மட்டுமல்ல உறுத்தியது. அந்த வேலை நடந்துவிட்டது என்று கேட்டபோது, யார் செய்தது என்று கேட்கத் தோன்றுவதற்கு முன்னால், அப்பாடா என்று தோன்றிவிட்டதே, அது.

அன்று சாயங்காலம் கஞ்சி ஊட்டும்போது மாமியார் வழக்கத்துக்கு மாறாகப் பேசாமல் விழுங்கினாள். கடைசிக் கரண்டிக்குப் பிறகு இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“புதுசா ஆள் வெச்சிருக்கியா?”

“இல்லையே அத்தை. எந்த ஆளு?”

“சாயங்காலம் வருது. கை ஜில்லுனு இருக்கு. நல்லாத்தான் புரட்டுது, உன்னை மாதிரி வெடுக்குனு இல்ல.” நிறுத்தி, வாசலைப் பார்த்தாள். “பேச மாட்டேங்குது. யாருன்னு கேட்டேன். கேட்டது எனக்கே கேக்கல. கத்தினேன். வாய்தான் தொறக்குது.”

“கனவு கண்டிருப்பீங்க.”

“கனவுல ஈரம் படுமாம்மா?” பிடி இறுகியது. “நீ எதுக்கோ என்னை அணைச்சு வெச்சுடறே. என்னன்னு தெரியல, ஆனா நீதான்னு தெரியுது. அணைச்ச உடனே அது வருது. வேண்டாம்மா. நான் இனிமே அடிக்கடி கூப்பிடல. தண்ணிகூடக் கேக்கல. அணைக்காதே.”

அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மாமியார் அவளிடம் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. கிண்ணத்தைக் கழுவும்போது அவளுக்குக் கண் எரிந்தது. இனி அந்த விசையைத் தொடுவதில்லை என்று தீர்மானித்தாள். மடிக்கணினியை அலமாரிக்கு மேலே, துணிகளுக்கு அடியில் வைத்தாள்.

மாமியார் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். அடுத்து வந்த மாலைகளில் ஏம்மா என்ற குரலே எழவில்லை. தாகத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டாலும், அவள் தானாக வந்து கேட்கும்வரை பொறுத்துக்கொண்டாள். வீட்டின் மற்றச் சத்தங்கள்தான் பெருகிவிட்டதுபோல் இருந்தன. குழாய் அவள் நெற்றிப்பொட்டில் சொட்டியது. மின்விசிறி கடகடத்தது. கண்ணை மூடினால் அலுவலகத்துக் குரல்கள், ஹலோ, ஹலோ, கேக்குதா, யாராவது இருக்கீங்களா.

ஒரு நாள், பகல் முழுவதும் ஒரே ஆள் திரும்பத் திரும்பக் கூப்பிட்டு அவளைத் திட்டிக்கொண்டிருந்தான். எதற்காகத் திட்டுகிறான் என்பது அவனுக்கே மறந்துபோயிருந்தது. வீட்டுக்கு வந்து, பகல்நேரப் பெண் கிளம்பிப் போய், கதவைச் சாத்தியபோது அவளால் நிற்க முடியவில்லை. மாமியார் சுவர்ப்பக்கம் முகம் திருப்பிப் படுத்திருந்தாள். தூங்குவதுபோல்தான் இருந்தது. தூங்குகிறவருக்கு என்ன கேட்கப்போகிறது. கொஞ்சம். கொஞ்சமே கொஞ்சம்.

மடிக்கணினியை எடுத்து, விளையாட்டைத் திறந்து, எஸ்கேப் விசையில் வெள்ளைப் புள்ளி எரிவதைப் பார்த்துவிட்டு, எஃப்1 விசையை அழுத்தினாள்.

அமைதி. சோபாவில் சாய்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே வானம் கழுவாத பாத்திரம்போல மங்கலாகக் கிடந்தது. எதிர்வீட்டு மாடியில் யாரோ துணியை உதறினார்கள், ஓசையே இல்லாமல். விளையாட்டில் காலடி கேட்டது. சளப். சளப். அதுவும் வேண்டாம் என்று தோன்றியது. திரையில் ஒலியளவைக் காட்டும் கோட்டைச் சுட்டியால் இழுத்து அடியோடு குறைத்தாள்.

சளப்.

இன்னொரு முறை இழுத்தாள். கோடு பூஜ்யத்தில்தான் இருந்தது.

சளப். சளப்.

திரையைப் பார்த்தாள். விளக்கு ஏந்திய பெண் நடையின் மூலையில் நின்றிருந்தாள். தண்ணீர் அசையவில்லை. அந்த நடையில் யாரும் இல்லை.

சத்தம் குளியலறைப் பக்கமிருந்து வந்தது. அவசரமில்லாத காலடி. வேலைக்கு வந்த ஆளின் காலடி. ஈரப் பாதம் தரையில் ஒட்டி, பிரிந்து, ஒட்டி, கூடத்தின் ஓரமாக, சோபாவுக்குப் பின்னால் கடந்தபோது பிடரியில் கிணற்றுக் குளிர் பட்டது. பாசி வாசனை. நனைந்த பழந்துணியின் வாசனை. அவள் திரும்பவில்லை. காலடி நிற்கவில்லை. உள்ளறைக்குப் போனது.

நிறுத்து. எல்லாவற்றையும் நிறுத்து. இந்தப் பூட்டுதான் எல்லாவற்றுக்கும் காரணம். எஃப்என். எஸ்கேப். தட்டினாள். வெள்ளைப் புள்ளி அணைந்தது.

அமைதி அப்படியே இருந்தது.

அப்போதுதான் செய்த தப்பு அவளுக்கு உறைத்தது. வீட்டை வாய்மூட வைத்த நிலையிலேயே பூட்டை எடுத்துவிட்டாள். இனி அந்த விசை வீட்டோடு பேசாது. எஃப்1 விசையை அழுத்தினாள். குறுக்கே கோடு போட்ட ஒலிபெருக்கி திரையின் மூலையில் வந்து உட்கார்ந்தது. மடிக்கணினி மட்டும் ஊமையானது. மறுபடி அழுத்தினாள். கோடு மறைந்தது. வீடு திரும்பவில்லை.

மடிக்கணினியை இடது கையில் ஏந்திக்கொண்டு உள்ளறைக்கு ஓடினாள். வாசலில் பாதம் ஈரத்தில் பட்டது. கால் அதற்கு மேல் போகவில்லை.

மாமியார் சுவரைப் பார்த்துத்தான் படுத்திருந்தாள். கட்டிலின் இந்தப் பக்கத்து மெத்தை, யாரோ உட்கார்ந்ததுபோல அழுந்தியிருந்தது. அங்கே யாரும் இல்லை. போர்வைக்குள் வலது முழங்கால், ஒரு வருடமாக அசையாத அந்தக் கால், மெல்ல மடங்கியது. இடுப்பு உயர்ந்தது. உடம்பு இந்தப் பக்கம் திரும்பியது. வெடுக்கென்று இல்லை. முதுகுக்குப் பின்னால் தலையணை தானாக நகர்ந்து முட்டுக் கொடுத்தது.

முகம் அவளுக்கு நேராக வந்தது.

தூங்கவில்லை. தூங்கியிருக்கவே இல்லை. கண்கள் அகன்று அவளைப் பார்த்தன. வாய் திறந்தது, உதடுகள் சேர்ந்தன, மறுபடி திறந்தது. ஏம்மா. ஏம்மா. ஏம்மா.

“அத்தை!” என்று கத்தினாள். கத்தியது தொண்டையில் வலித்தது. கேட்கவில்லை.

அந்த ஒரு கணத்தில், அவளைக் கேட்காமலேயே, அவள் தோள் தளர்ந்தது. இன்றைக்குப் புரட்டிப் போட வேண்டியதில்லை. நினைத்தது அவள் மனம்தான். வேறு யாருமில்லை.

கட்டிலில் அழுந்தியிருந்த பள்ளம், அதைக் கேட்டதுபோல, சற்று நெருங்கி உட்கார்ந்தது.

போர்வையின் விளிம்பு எழுந்தது. மார்பு வரை வந்தது. கழுத்து வரை. சுருக்கங்கள் ஒவ்வொன்றாக நீவிவிடப்பட்டன.

எஸ்கேப். எஃப்என்னை விட்டுவிட்டாள். திரை கேட்டது: வீட்டை விட்டு வெளியேறவா? இல்லை. இல்லை. விரல் வழுக்கியது. எஃப்2. திரை ஒரு படி இருண்டது. எஃப்என். எஸ்கேப். வெள்ளைப் புள்ளி.

எரிந்தது.

எஃப்1.

ஒன்றும் கேட்கவில்லை. அழுந்தவில்லையோ. மறுபடி. ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி.

போர்வை மோவாயைத் தாண்டியது. வாயைத் தாண்டியது. அந்தக் கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. பிறகு அவற்றையும் மூடியது. தலைக்கு மேல் துணி பக்குவமாக மடித்துச் செருகப்பட்டது, தூங்கும் குழந்தைக்குச் செய்வதுபோல.

மறுபடி. மறுபடி. எத்தனை தடவை அழுத்தினாள் என்று தெரியவில்லை. ஒற்றையா, இரட்டையா. வீடு அணைந்திருக்கிறதா, இல்லை கேட்பதற்குத்தான் எதுவும் மீதியில்லையா. மறுபடி.

வாய் இருந்த இடத்தில் துணி உள்ளே குழிந்தது. வெளியே புடைத்தது. உள்ளே குழிந்தது. வெளியே புடைத்தது.

மறுபடி.

சமையலறையில் குழாய் சொட்டியது. தலைக்கு மேல் மின்விசிறி கடகடத்தது. கீழே தெருவில் ஒரு வண்டி ஒலியெழுப்பிக்கொண்டு போனது.

துணி உள்ளே குழிந்தது. அப்படியே நின்றது.